கிணற்று மோட்டாருக்கு பிரஷர் ஸ்விட்ச் மாட்டுவது எப்படி

டேங்க்கில் தண்ணீர் அழுத்தம் குறைந்தால் மோட்டாரை ஓடவிட்டு, ஏறினால் நிறுத்துவதுதான் பிரஷர் ஸ்விட்ச். மாட்டும் முன் முதலில் மோட்டார் லைனின் எம்சிபியை (பிரேக்கர் ஸ்விட்ச்சை) இறக்குங்கள். அப்புறம் மல்டிமீட்டரைக் கரண்ட் வருகிற வேறொரு பிளக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, மோட்டாருக்கு வரும் வயரில் ஃபேஸ்-நியூட்ரல், ஃபேஸ்-எர்த், நியூட்ரல்-எர்த் மூன்றையும் சோதியுங்கள். பழுதான மீட்டரும் பூஜ்யம்தான் காட்டும், அதனால்தான் அந்த முதல் சோதனை. பழைய ஸ்விட்ச்சை மாற்றுகிறீர்கள் என்றால் குழாயைத் திறந்து பிரஷர் டேங்க்கில் இருக்கும் அழுத்தத்தையும் இறக்கிவிடுங்கள்.

மூடியைத் திறந்தால் வரிசையாக நான்கு ஸ்க்ரூ இருக்கும். பெரும்பாலான ஸ்விட்ச்சுகளில் ஓரத்து இரண்டும் லைன் (கரண்ட் வரும் வயர்), நடுவில் இருக்கும் இரண்டும் மோட்டார். ஆனால் மனப்பாடமாக மாட்டாதீர்கள், மூடியின் உள்பக்கம் ஒட்டியிருக்கும் படத்தைப் பாருங்கள். இங்கே நடக்கிற பெரிய தவறு ஒன்றுதான்: இடது ஓரத்து ஸ்க்ரூவும் அதை ஒட்டிய ஸ்க்ரூவும் ஒரே கான்டாக்ட்டின் (சேர்ந்து பிரிகிற ஸ்விட்ச் பகுதியின்) இரண்டு முனைகள், வலப்பக்கமும் அப்படியே, ஆக ஃபேஸையும் நியூட்ரலையும் ஒரே பக்கத்து ஜோடியில் மாட்டினால் கான்டாக்ட் சேர்ந்த நொடியில் நேரடி ஷார்ட். லைனிலிருந்து வரும் எர்த், மோட்டாருக்குப் போகும் எர்த் இரண்டும் பச்சை ஸ்க்ரூவுக்கு.

வயர் முனையை இறுக்கமாக முறுக்கி, ஸ்க்ரூ திரும்பும் திசையிலேயே வளைத்து மாட்டுங்கள். ஒரு இழைகூட வெளியே நீட்டக் கூடாது, பிளாஸ்டிக் உறையும் ஸ்க்ரூவுக்கு அடியில் சிக்கக் கூடாது. மாட்டியதும் வயரை இழுத்துப் பாருங்கள். லூஸாக இருந்தால் அந்த இடம் சூடாகி உருகும்.

சப்மெர்சிபிள் (தண்ணீருக்குள் மூழ்கியிருக்கும்) மோட்டாருக்குத் தனி கன்ட்ரோல் பாக்ஸ் இருந்தால் ஸ்விட்ச்சிலிருந்து வயர் அந்த பாக்ஸுக்குத்தான் போக வேண்டும், நேராக மோட்டாருக்கு அல்ல. மோட்டாரின் குதிரைத்திறன் ஸ்விட்ச்சில் அச்சடித்திருக்கும் அளவைத் தாண்டினால் நடுவில் கான்டாக்டர் (பெரிய கரண்டைத் தாங்கும் தனி ஸ்விட்ச்) கட்டாயம். மூன்று ஃபேஸ் என்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

30/50 ஸ்விட்ச் என்றால் 30 பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அளவு) வந்ததும் ஓடத் தொடங்கி 50இல் நிற்கும். டேங்க்கில் தண்ணீர் காலியாக இருக்கும்போது காற்றின் அழுத்தம் 28 பிஎஸ்ஐ இருக்க வேண்டும். இதைப் பார்க்காமல் விட்டால் வயரிங் சரியாக இருந்தும் மோட்டார் நிமிடத்துக்கு நாலு முறை ஓடி ஓடி நிற்கும், ஆளும் ஸ்விட்ச்சைத்தான் குறை சொல்வார்.

மூடியைப் போட்டுவிட்டு எம்சிபியை ஏற்றுங்கள், கேஜைப் பார்த்தபடி ஒரு முறை முழுதாக ஓடி நிற்கும்வரை அங்கேயே இருங்கள். வயர் நுழையும் ஓட்டைக்கு கிளாண்ட் (வயரைச் சுற்றி இடைவெளியை அடைக்கும் பிடிப்பு) போடுங்கள். இல்லாவிட்டால் எறும்பு உள்ளே போய் கான்டாக்ட் நடுவில் நசுங்கி, ஒருநாள் மோட்டார் ஓடவே ஓடாது.