கணக்குக்கு முன் ஐந்து நிமிடச் சிரிப்பு

பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலையில் என் வீட்டுத் திண்ணையில் வடிவியல் சொல்லித்தருகிறேன். நாள் முழுக்கப் பள்ளியில் இருந்துவிட்டு, பஸ்ஸில் நசுங்கி வந்து உட்காருகிறவர்களிடம் இந்தக் கணக்கைக் கொடுத்துப் பாருங்கள்.

10 செ.மீ. ஆரமுள்ள கால்வட்டம். அதற்குள் ஒரு செவ்வகம். அதன் ஒரு முனை வட்ட மையத்தில், எதிர்முனை வில்லின் மேல். மற்ற இரண்டு முனைகளையும் இணைக்கும் மூலைவிட்டத்தின் நீளம் என்ன?

எல்லோரும் பிதாகரஸைப் பிடித்துக்கொண்டு தொங்குவார்கள். நீளம் தெரியாது, அகலமும் தெரியாது. பக்கம் நிறைய எழுதி அடிப்பார்கள். மையத்திலிருந்து வில்லுக்கு இன்னொரு மூலைவிட்டத்தை வரைந்தால் போதும், அதுவே ஆரம். செவ்வகத்தின் மூலைவிட்டங்கள் இரண்டும் சமம். விடை 10 செ.மீ.

இப்படி ஒரே ஒரு கோடு தோன்றவேண்டிய கணக்குக்கு முன்னால் பிள்ளைகளைச் சிரிக்க வையுங்கள். 1987-இல் அமெரிக்க உளவியலாளர் ஆலிஸ் ஐசனும் உடன் ஆய்வாளர்களும் இதைச் சோதித்தார்கள். மெழுகுவத்தி, தீப்பெட்டி, ஒரு பெட்டி நிறைய டிராயிங் பின். மெழுகு கீழே சொட்டாதபடி வத்தியைச் சுவரில் நிறுத்தவேண்டும். பின்களைக் கொட்டிவிட்டுப் பெட்டியையே சுவரில் குத்தித் தாங்கியாக்க வேண்டும் என்பது பலருக்குத் தோன்றுவதில்லை. சில நிமிடம் நகைச்சுவைப் படம் பார்த்தவர்களில் 75 சதவீதத்தினருக்குத் தோன்றியது. வேறு படம் பார்த்தவர்களில் 20 சதவீதத்தினருக்குத்தான். அந்த வேறு படம் கணிதப் படமாம். வாத்தியாரான எனக்குக் கொஞ்சம் உறைத்தது.

ஐந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். நீண்டால் வகுப்பு கலைந்துவிடும். எந்தப் பிள்ளையையும் வைத்துச் சிரிக்காதீர்கள், அவன் அன்று கணக்கே போடமாட்டான். கரும்பலகையை வேட்டி நுனியால் துடைத்துவிட்டு அதே கோலத்தில் நான் கல்யாண வீட்டுக்குப் போன கதையைச் சொல்வேன். மூன்றாம் முறை சொன்னபோது ஒருவரும் சிரிக்கவில்லை, ஆகவே கதையை மாற்றிக்கொண்டே இருங்கள்.

கடலைமிட்டாய் கொடுப்பதானால் கணக்குக்கு முன்பே கொடுத்துவிடுங்கள். "முதலில் போடுகிறவனுக்கு மிட்டாய்" என்றால் காரியம் கெடும். இதே மெழுகுவத்திப் புதிரைப் பணம் தருவதாகச் சொல்லிக் கொடுத்தபோது, சும்மா போட்டவர்களைவிட அதிக நேரம் பிடித்தது என்று 1962-இல் உளவியலாளர் சாம் க்ளக்ஸ்பர்க் காட்டினார். பரிசு மேல் கண் வைத்தவனுக்குப் பெட்டி வெறும் பெட்டியாகத்தான் தெரியும்.

விடைத்தாள் கூட்டல், குறி தவறிய இடத்தைத் தேடுவது, தேர்வுக்கு முந்தைய கடைசி சரிபார்ப்பு ஆகியவற்றுக்கு இந்தச் சிரிப்பு உதவாது. குஷியான மனம் "சரியாகத்தான் இருக்கும்" என்று தாண்டிப் போய்விடும். மகளுக்கு வேலை கிடைத்த செய்தி வந்த மாலை ஒரு கட்டு விடைத்தாளைத் திருத்தினேன். மறுநாள் நான்கு பேருக்குக் கூட்டல் தப்பு. நால்வருக்கும் மதிப்பெண் கூடுதலாகவே விழுந்திருந்ததால், புகார் சொல்ல ஒருவரும் வரவில்லை.