பீரோவில் கிடக்கும் 10-18: வைத்துக்கொள்வதா, தள்ளிவிடுவதா?

"அண்ணி, அந்த அகல லென்ஸ் சும்மாதானே பீரோவுல கிடக்குது? ஒன்பதாயிரம் தர்றேன், குடுத்துருங்களேன்" என்று கொழுந்தன் கேட்டார். திருச்சியில் வீடு, மனை வாங்கி விற்றுக் கொடுப்பது அவர் தொழில். பத்துக்குப் பத்து அறையைக் கல்யாண மண்டபம் போலக் காட்டும் லென்ஸ் அவருக்குத் தேவைதான். எனக்குத்தான் பதில் வரவில்லை. கொடுக்க மனமில்லை, கொடுக்காமல் இருக்கக் காரணமும் இல்லை.

என்னிடம் இருப்பது கேனான் 200டி. லென்ஸ், இஎஃப்-எஸ் 10-18 (10 எம்எம் முதல் 18 எம்எம் வரை; எண் குறையக் குறையக் காட்சி அகலும்), 2014இல் வந்த மாடல். நான் பழையதாக 11,000 ரூபாய்க்கு வாங்கினேன். எடை 240 கிராம்தான், அதனால் 'தூக்க முடியவில்லை, விற்றுவிட்டேன்' என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை. உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு அல்ட்ரா வைடு தூங்கிக்கொண்டிருந்தால், நான் செய்ததைச் செய்து பாருங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போதும், ஆறு மாதப் பொறுமையும் வேண்டும்.

முதலில் எண்ணுங்கள். 'அடிக்கடி பயன்படுத்துவேன்', 'அதிகம் தொடுவதில்லை' என்று மனசு சொல்வதை நம்பாதீர்கள். எந்த ஃபோக்கல் லென்த்தில், அதாவது 10, 14, 18 என்கிற அந்த எம்எம் எண்ணில், எடுத்தோம் என்பது ஒவ்வொரு படத்துக்குள்ளும் பதிவாகி இருக்கிறது. படங்களை அடுக்கித் திருத்தும் லைட்ரூம் மென்பொருள் வைத்திருப்பவர்கள் மெட்டாடேட்டா ஃபில்ட்டரில் லென்ஸ் பெயரைத் தேர்ந்தெடுத்தால் வேலை முடிந்தது. அது இல்லாதவர்கள் விண்டோஸில் படங்கள் இருக்கும் ஃபோல்டரை 'டீடெய்ல்ஸ்' பார்வைக்கு மாற்றி, மேலே இருக்கும் தலைப்பு வரிசையில் ரைட் கிளிக் செய்து 'ஃபோக்கல் லென்த்' பத்தியைச் சேர்த்துக்கொள்ளலாம். அதன்மேல் ஒரு தட்டு தட்டினால் வரிசையாக அடுக்கிவிடும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: 18 என்று இருப்பது கேமராவோடு வரும் கிட் லென்ஸில் எடுத்ததாகவும் இருக்கலாம்.

என் கணக்கு இது. இரண்டு வருடத்தில் ஏறக்குறைய 4,300 படங்கள். அகல லென்ஸில் 260. சரி, கொஞ்சம் இருக்கிறதே என்று தோன்றியது. அந்த 260இல் யாருக்காவது அனுப்பியது, அச்சுப் போட்டது, திரும்ப எடுத்துப் பார்த்தது எத்தனை என்று சலித்தேன். 31 தேறியது. அந்த 31ஐ மறுபடி சலித்தால், 22 படங்கள் 16க்கும் 18க்கும் இடையில் எடுத்தவை. அதாவது இரண்டடி பின்னால் நகர்ந்திருந்தால் கூடவே வந்த 18-55 கிட் லென்ஸே போதுமாக இருந்திருக்கும். மிச்சம் ஒன்பது. பதினோராயிரத்தை ஒன்பதால் வகுத்துப் பார்க்காதீர்கள், தூக்கம் போய்விடும்.

ஆனால் அந்த ஒன்பது எங்கே எடுத்தவை என்பதுதான் முக்கியம். ஏழு, செட்டிநாட்டு வீடுகளுக்குள். கானாடுகாத்தானில் ஒரு வீட்டின் வளவில் (நடு முற்றத்தில்), தூணோடு தூணாக ஒட்டி நின்று, ஆத்தங்குடிக் கல் பதித்த தரையும் மேலே திறந்த வானமும் சேர்ந்து வரும்படி எடுத்தவை. பின்னால் சுவர். நகர இடமே கிடையாது.

நகர முடியாத இடத்துக்கு ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. என் கேமராவுக்குள் படத்தைப் பதிவு செய்யும் சில்லு, சிறிய ரகமான கேனான் க்ராப் சென்சார்; அதன் அகலம் சுமார் 22.3 எம்எம். நிற்கும் தூரத்தை இதனால் பெருக்கி ஃபோக்கல் லென்த்தால் வகுத்தால், எவ்வளவு அகலம் படத்துக்குள் வரும் என்று தெரிந்துவிடும். பத்தடி தள்ளி நின்றால் 10இல் 22 அடி வரும், 18இல் 12 அடிதான். நீங்கள் வழக்கமாகப் படம் எடுக்கும் இடங்களில் இந்தப் பத்தடி வித்தியாசத்துக்கு வேலை இருக்கிறதா என்று யோசியுங்கள். மாயனூர்ப் பாலத்திலும் முக்கொம்பிலும் காவிரியைப் படம் பிடிப்பவருக்கு இல்லை. இன்னும் கொஞ்சம் பின்னால் போனால் முடிந்தது.

அப்புறம், இதே வேலையைச் செய்யும் வேறு வழிகளையும் கணக்கில் சேர்க்க வேண்டும். கைப்பேசியைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் இருக்கும் கண்களில் ஒன்று அல்ட்ரா வைடாக இருக்க வாய்ப்பு அதிகம். பலவற்றில் அது ஃபுல் ஃப்ரேம் (பழைய ஃபிலிம் அளவுள்ள பெரிய சென்சார்) கணக்கில் 13 எம்எம் அளவுக்கு வரும். என் 10, அதே கணக்கில் 16. பையில் இருக்கும் போன் என் லென்ஸைவிட அகலம் என்று தெரிந்தபோது எனக்குக் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது. பகல் வெளிச்சத்தில், வாட்ஸ்அப்பில் அனுப்பப் போகும் படத்துக்குப் போன் தாராளம். இருட்டு அறையில், அச்சுப் போடும் அளவுக்கு வேண்டுமென்றால் அந்தக் குட்டி சென்சார் சுவரின் சொரசொரப்பையெல்லாம் வழித்துத் துடைத்துவிடுகிறது.

இன்னொரு வழி ஒட்டுப் படம். கேமராவை நெட்டுக்குத்தாகப் பிடித்து, வெளிச்ச அளவை மேனுவலில் பூட்டி, ஒவ்வொரு படமும் முந்தையதில் மூன்றில் ஒரு பங்கு ஏறும்படி ஐந்தாறு எடுத்தால், லைட்ரூமோ இலவசமாகக் கிடைக்கும் ஹியூஜினோ ஒன்றாக ஒட்டிக் கொடுக்கும். கல்லணையை நான் இப்படி எடுத்தது அகல லென்ஸில் எடுத்ததைவிட நன்றாக வந்தது. ஆனால் அறைக்குள் சரிப்படாது. கைக்கெட்டும் தூரத்தில் ஒரு தூண் இருந்தால் ஒட்டும் இடத்தில் அது இரண்டாக உடையும், நடந்துபோகிற ஆள் இரண்டு முறை வருவார்.

இதையெல்லாம் பார்த்து எண்ணிக்கை குறைவாக இருந்தாலும் உடனே விற்றுவிடாதீர்கள். லென்ஸைச் சரியாகப் பழகாததாலும் எண்ணிக்கை குறைந்திருக்கலாம். நான் அப்படித்தான். 'எல்லாம் அடங்கும்' என்று நினைத்து வாங்கினேன். அடங்கும்தான், ஆனால் எல்லாம் பட்டாணி அளவில் அடங்கும். ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் சாலையில் நின்று 10இல் எடுத்தேன். 236 அடி ராஜகோபுரம் கட்டைவிரல் அளவுக்கு வந்து, படத்தில் முக்கால்வாசி தார்ச்சாலையாக இருந்தது. தஞ்சைப் பெரிய கோயிலில் கிட்டே போய் அண்ணாந்து எடுத்தேன். ஆயிரம் வருடம் அசையாத விமானம் பின்பக்கம் சாய்ந்து படுக்கப் போவது போல இருந்தது.

இந்த லென்ஸுக்கு மிகக் கிட்டத்தில் ஒரு பொருளைக் கொடுக்க வேண்டும், கேமராவையும் மட்டமாகப் பிடிக்க வேண்டும். என் லென்ஸ் 22 சென்டிமீட்டர் வரை ஃபோகஸ் ஆகும். மார்கழியில் ஒரு நாள் முழங்கால் உயரத்துக்குக் கேமராவை இறக்கி, கோலத்தின் முதல் புள்ளிக்கு ஓரடியில் வைத்து எடுத்தேன். கோலம் கால்மாட்டிலிருந்து விரிந்து வாசற்படி வரை ஓடியது. அன்றைக்குத்தான் லென்ஸ் வாங்கி ஒன்றரை வருடம் வீணாகப் போனது புரிந்தது. ஆகவே ஒரு மாதம், நான்கு ஞாயிறு, இந்த லென்ஸை மட்டும் மாட்டிக்கொண்டு வெளியே போங்கள். மற்றவை வீட்டில் இருக்கட்டும். குடும்ப விழாவுக்கு மட்டும் எடுத்துப் போகாதீர்கள். வளைகாப்பில் குரூப் போட்டோ எடுத்தேன், ஓரத்தில் நின்ற அத்தையின் முகம் பூசணிக்காய் போல இழுபட்டது. "உனக்கு என்மேல என்னடி கோபம்?" என்று இன்றைக்கும் கேட்கிறார்கள். கேமராவோடு இருக்கும் ஃப்ளாஷைத் தூக்கினால் லென்ஸின் நிழல் படத்தின் அடியில் அரைவட்டமாக விழும், அதுவும் ஒரு பாடம்.

அந்த மாதம் முடிந்ததும் லென்ஸையே ஒரு தரம் சோதியுங்கள். பின்பக்கம் டார்ச் அடித்து முன்பக்கத்திலிருந்து பார்த்தால், சிலந்தி வலை போல வெள்ளை நூல் தெரிகிறதா? அது பூஞ்சை. பீரோவில் பட்டுப் புடவைக்கு நடுவே வைத்த லென்ஸுக்கு அது வருவதில் ஆச்சரியமில்லை. செங்கல் சுவருக்கு நேராக நின்று ஒரு படம் எடுங்கள். நான்கு மூலையும் ஒரே அளவு மங்கலாக இருந்தால் கவலையில்லை. ஒரு மூலை மட்டும் குழைந்து போயிருந்தால் உள்ளே கண்ணாடி நகர்ந்திருக்கலாம். அப்படிப்பட்ட லென்ஸை வைத்துக்கொண்டு, நமக்குத்தான் எடுக்கத் தெரியவில்லை என்று குமைவதில் பயனில்லை. விற்பதாக இருந்தால் வாங்குபவரிடம் சொல்லிவிட்டு விற்க வேண்டும், அது வேறு.

அடுத்து எந்தக் கேமராவுக்கு மாறப் போகிறீர்கள் என்பதையும் யோசியுங்கள். கேனானின் ஃபுல் ஃப்ரேம் டிஎஸ்எல்ஆரில் (உள்ளே கண்ணாடி வைத்த பழைய ரகக் கேமரா) இஎஃப்-எஸ் லென்ஸ் மாட்டவே மாட்டாது. அந்தக் கண்ணாடி இல்லாத ஆர் வரிசை மிரர்லெஸ்ஸில் அடாப்டர் போட்டு மாட்டலாம். ஆனால் ஃபுல் ஃப்ரேம் ஆர்8இல் மாட்டினால் சென்சாரின் நடுப்பகுதி மட்டும்தான் வேலை செய்யும், 24 மெகாபிக்சல் 9 சொச்சமாகச் சுருங்கும். மிரர்லெஸ்ஸுக்கென்றே 2023இல் ஆர்எஃப்-எஸ் 10-18 வந்துவிட்டது, 150 கிராம். அதனால் பழைய 10-18க்கு இனி விலை ஏறும் என்று காத்திருப்பதில் அர்த்தமில்லை. விற்பதானால் சீக்கிரம் விற்றுவிடுங்கள்.

இவ்வளவு செய்தும் எனக்கு முடிவு வரவில்லை. அதனால் கொழுந்தனிடம், "தம்பி, விக்கலை. ஆறு மாசம் இரவலா வச்சுக்கோங்க, கேக்குறப்ப தரணும்" என்றேன். முடிவெடுக்க முடியாதவர்களுக்கு இதுதான் நான் சொல்லும் கடைசி வழி. லென்ஸ் கையில் இல்லாதபோது எத்தனை முறை தேடுகிறோம் என்று பார்ப்பது. இரவல் கொடுக்க ஆள் இல்லையென்றால், பழைய டப்பாவில் போட்டு டேப் ஒட்டிப் பரண்மேல் வைத்துவிட்டு, டேப்பைக் கிழிக்க வேண்டியிருந்த தேதிகளைக் காலண்டரில் குறித்து வாருங்கள்.

நான் இரண்டே முறை கேட்டேன். முதல் முறை மறுபடி கானாடுகாத்தான். அது எதிர்பார்த்ததுதான்.

இரண்டாவது முறை, புதுக்கோட்டைப் பக்கம் இருக்கும் பாட்டி வீட்டுக்கு. "திங்கக்கிழமை இடிக்க ஆள் வர்றாங்கம்மா, பாக்கணும்னா வந்து பாத்துட்டுப் போ" என்று மாமா போன் செய்தார். சமையலறை எட்டுக்குப் பத்து. வாசலில் நின்று 18இல் பார்த்தால் இரண்டு பக்கச் சுவரும் ஆறரை அடிக்கு அப்பால்தான் படத்துக்குள் வருகின்றன. இடப்பக்கம் நான்கடியில் இருக்கும் அடுப்பு மேடை வெளியே நின்றுவிடும். அடுப்பில்லாமல் அந்த அறை எதற்கு? 10இல் மூன்றரை அடியிலேயே சுவர் உள்ளே வந்துவிட்டது. கேமராவை நெஞ்சுக்கு நேராக மட்டமாகப் பிடித்து, கதவு நிலையில் தோளைச் சாய்த்துக்கொண்டு, நொடியில் எட்டில் ஒரு பங்கு, ஐஎஸ்ஓ 1600. இடப்பக்கம் அடுப்பு மேடை, அதற்குமேல் கரி படிந்த சுவர், வலப்பக்கம் ஆட்டுக்கல், நடுவே உறி தொங்கிய கொக்கி.

கொழுந்தனுக்கு இதே லென்ஸ் பழையதாகச் சென்னையில் 8,500க்குக் கிடைத்துவிட்டது.