வண்டியில் மூக்கில் மாஸ்க், கேட்டில் தாடையில்: பிள்ளையைப் பள்ளியில் கொண்டுபோய் விடும் பெற்றோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பள்ளியில் இருந்து மெசேஜ் வந்துவிட்டது. காய்ச்சல் பரவுகிறது, பிள்ளைகளை விடவும் கூட்டிப் போகவும் வரும் பெற்றோர் தயவுசெய்து மாஸ்க் போட்டு வரவும். வந்த கொஞ்ச நேரத்திலேயே பெற்றோர் குரூப்பில் ஆரம்பித்துவிடுவார்கள். கொரோனாவே போய்விட்டது இன்னும் எதற்கு இது, பிள்ளைகள் போடாமல் நாங்கள் மட்டும் ஏன், வாசலில் நிற்கிற ரெண்டு நிமிஷத்துக்கு இதெல்லாம் தேவையா என்று. கேட்பதில் தப்பில்லை. ஆனால் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் என்று கேரள-தமிழ்நாடு எல்லையை ஒட்டிய நம் பக்கப் பள்ளி வாசல்களில் காலை மணி அடிக்கும் முன் நின்று பார்த்தால், மாஸ்க் போடாமல் வருபவர்களைவிட, போட்டு வருபவர்கள் அதை வைத்துச் செய்கிற கூத்துதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

முதல் தவறு, எல்லோரும் செய்வது, அதனாலேயே யாருக்கும் தவறாகத் தெரியாதது: போட வேண்டிய இடத்தில் கழற்றுவது. வீட்டில் இருந்து கிளம்பும்போதே மாஸ்க், அதன் மேல் ஹெல்மெட், வழி முழுக்க ஆள் இல்லாத தென்னந்தோப்பு ரோட்டில் மூக்கை மூடிக்கொண்டு வருகிறார். கேட் வந்ததும் ஹெல்மெட்டைக் கழற்றி, கூடவே மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கி, பிள்ளையின் பையை மாட்டிவிட்டு, அப்படியே பக்கத்து வண்டிக்காரரோடு தேங்காய் விலை பேச ஆரம்பிக்கிறார். அங்கே இன்னும் மூன்று பேர் சேருகிறார்கள், தோளோடு தோள், ஹாரன் சத்தத்தில் கேட்காது என்று குரலை உயர்த்தி. மாஸ்க் வேலை செய்ய வேண்டிய நேரமே அந்தப் பத்து நிமிஷம்தான். பேசும்போதும் சிரிக்கும்போதும் இருமும்போதும் வாயில் இருந்து வருவது நம் கண்ணுக்குத் தெரிகிற எச்சில் துளி மட்டும் இல்லை, காற்றிலேயே மிதந்து நிற்கிற மிக நுண்ணிய துகள்களும்தான். சும்மா மூச்சு விடுவதைவிடப் பேசும்போது அவை அதிகம், சத்தமாகப் பேசினால் இன்னும் அதிகம். தனியாக வண்டி ஓட்டும்போது மாஸ்க் வேண்டாம், பையில் இருக்கட்டும், தூசிக்காகப் போடுகிறேன் என்றால் அது வேறு விஷயம். கேட்டுக்கு வந்ததும் எடுத்துப் போடுங்கள். ஊரே இதைத் தலைகீழாகச் செய்கிறது.

போனும் அப்படித்தான். போன் அடித்தால் மாஸ்க் கீழே இறங்க வேண்டும் என்று எந்தச் சட்டம் சொன்னது? மாஸ்க்கோடு பேசினாலும் எதிர்முனையில் கேட்கும். சரிவரக் கேட்கவில்லை என்றால் கூட்டத்தை விட்டு நாலடி தள்ளிப் போய்ப் பேசலாம்.

திறந்த வெளிதானே என்று ஒரு வாதம் உண்டு, அதில் பாதி உண்மையும் உண்டு. நமக்கு பாலக்காட்டுக் கணவாய்க் காற்று இருக்கிறது, ஆனி ஆடியில் ஆளையே தள்ளும். அந்தக் காற்றில் தள்ளித் தள்ளி நின்றால் ஆபத்து உண்மையிலேயே குறைவு, அப்போது மாஸ்க் போடாமல் ஒருவர் நிற்கிறார் என்று முறைப்பதும் வீண். ஆனால் அதே மாதங்களில்தான் மழையும். சாரல் பிடித்த அடுத்த நொடி அத்தனை பேரும் எங்கே ஓடுகிறோம்? எதிரே இருக்கும் பஸ் ஸ்டாப்புக்கும், பள்ளி வராந்தாவுக்கும், பெட்டிக்கடைக் கூரைக்கும். பத்து பேர் நிற்கிற இடத்தில் முப்பது பேர், ஈரத் துணி, இருமல், கூட வந்த கைக்குழந்தைகள். அப்போதுதான் மாஸ்க் வேண்டும். ஆனால் அது ஏற்கெனவே நனைந்து தாடையில் தொங்கிக்கொண்டிருக்கும். நனைந்த மாஸ்க் வழியாகச் சரியாக மூச்சு விட முடியாது, அது சரியாக வடிகட்டவும் செய்யாது. அதனால் மழைக்காலத்தில் வண்டி டிக்கியில் ரெயின்கோட்டோடு கூட, ஒரு கவரில் ரெண்டு உலர்ந்த மாஸ்க் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியது. எல்லா நோய்க்கும் மாஸ்க்கையே மருந்தாக நினைப்பது. எல்லையில் இருப்பதால் நமக்கு இந்தக் குழப்பம் மற்றவர்களைவிட அதிகம், அந்தப் பக்கம் ஒன்று என்றால் இந்தப் பக்கம் உடனே சோதனை. 2022 மே மாதம் கொல்லம் மாவட்டத்தில் குழந்தைகளுக்குத் தக்காளிக் காய்ச்சல் என்று செய்தி வந்தபோது வாளையார் செக்போஸ்ட்டில் தமிழ்நாட்டு சுகாதாரத் துறையினர் நின்று வண்டியில் வந்த குழந்தைகளைப் பார்த்தது பலருக்கு நினைவிருக்கும். அது கை, கால், வாயில் கொப்புளம் வருகிற வைரஸ் நோயின் ஒரு வடிவம் என்றுதான் பிறகு பரிசோதனைகள் காட்டின. அந்த நோய் எச்சில், கொப்புளத்து நீர், மலம் வழியாகவும் பரவும். அப்பா கேட்டில் மாஸ்க் போட்டு நின்று, பிள்ளை உள்ளே போய் பக்கத்துப் பிள்ளையின் தண்ணீர் பாட்டிலில் வாய் வைத்துக் குடித்தால் என்ன பிரயோஜனம்? அங்கே வேண்டியது சோப்பு போட்டுக் கை கழுவுவதும், பாட்டிலும் கர்சீப்பும் தனித்தனியாக வைத்திருப்பதும், கொப்புளம் வந்த பிள்ளையை வீட்டில் வைத்துக்கொள்வதும். மெட்ராஸ் ஐக்கும் இதே கதைதான், கண்ணைத் தேய்த்த கையில் இருக்கிறது பிரச்சினை.

வௌவாலில் இருந்து மனிதருக்குத் தொற்றுகிற நிபா வைரஸ் என்றால் பயம் வேறு மாதிரி. 2018 மே மாதத்தில் கோழிக்கோடு, மலப்புறம் மாவட்டங்களில் 17 பேர் இறந்தார்கள், நோயாளியைக் கவனித்த பேராம்பரா மருத்துவமனை நர்ஸ் லினியும் அதில் ஒருவர். அந்தப் பயம் இன்னும் போகவில்லை, போகவும் கூடாது. ஆனால் அது அதிகமும் பரவியது நோயாளிக்கு மிக அருகில் இருந்து கவனித்தவர்களுக்கும், மருத்துவமனையில் கூட இருந்தவர்களுக்கும். நிபா செய்தி வரும் நாட்களில் மாஸ்க்கை முக்கியமாகப் போட வேண்டிய இடம் ஆஸ்பத்திரி. வௌவால் கடித்த மாம்பழத்தைப் பிள்ளை பொறுக்கித் தின்னாமல் பார்த்துக்கொள்வது, மாஸ்க்கைவிட முதலில் செய்ய வேண்டிய காரியம்.

அப்புறம் பொன்னுக்கு வீங்கி. 2024இல் கேரளாவில் பல பள்ளிகளில் பிள்ளைகள் கன்னம் வீங்கி நின்றார்கள். அரசு இலவசமாகப் போடுகிற தட்டம்மை ரூபெல்லா ஊசியில் பொன்னுக்கு வீங்கி சேராது என்பது நிறையப் பேருக்குத் தெரியாது, எல்லா ஊசியும் போட்டாச்சே என்பார்கள். அது எச்சில் துளியில் பரவுவதால் மாஸ்க் ஓரளவு உதவும், ஆனால் வீக்கம் தெரிந்ததில் இருந்து ஐந்து நாள் வீட்டில் இருப்பதுதான் பெரிய உதவி. சின்னம்மை என்றால் கடைசிக் கொப்புளமும் காய்ந்து பொருக்கு தட்டும்வரை. ஃப்ளூ, கொரோனா, சாதாரணச் சளி, இவைதான் கேட்டில் நின்று பேசுகிற பெரியவர்களால் ஒருவருக்கொருவர் எளிதாகப் பரவுவது. பள்ளி மாஸ்க் கேட்பது பெரும்பாலும் இவற்றுக்காகத்தான்.

இதோடு சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், பள்ளிகளுக்கு மாஸ்க்கைவிடத் தலைவலி தருகிற தவறு ஒன்று இருக்கிறது. ராத்திரி காய்ச்சல் அடித்த பிள்ளைக்குக் காலையில் பாராசிட்டமால் சிரப் கொடுத்து, உடம்பு வேர்த்துச் சூடு இறங்கியதும் யூனிஃபார்ம் மாட்டி அனுப்பிவைப்பது. மருந்தின் வேகம் நாலு முதல் ஆறு மணி நேரம். மதியம் சாப்பாட்டு நேரத்துக்குப் பிள்ளை பெஞ்சில் தலை சாய்க்கும், டீச்சர் போன் போடுவார், அம்மா பொள்ளாச்சியில் வேலையில் இருப்பார், அதற்குள் வகுப்பில் பாதிப் பேரோடு விளையாடி முடித்திருக்கும். லீவு போட்டால் சம்பளம் போகும் என்கிற கஷ்டம் புரியாமல் இல்லை. ஆனால் அந்தப் பிள்ளையை விட்டுவிட்டு, கேட்டில் இரட்டை மாஸ்க் போட்டு நிற்கிற பெற்றோரைப் பார்க்கும்போது என்ன சொல்வது என்று தெரிவதில்லை. மருந்து கொடுக்காமலேயே 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாமல் இருந்த பிறகு அனுப்புங்கள். உங்களுக்கே காய்ச்சல் இருமல் என்றாலும் அதேதான்: பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்லி அனுப்புங்கள், மாஸ்க் போட்டிருக்கிறேனே என்று நீங்களே போய் நிற்காதீர்கள்.

எந்த மாஸ்க் என்பதில் ரொம்பக் குழம்ப வேண்டாம். கேட்டில் நிற்பதற்கு மூன்று அடுக்கு சர்ஜிக்கல் மாஸ்க் போதும். கலர் பக்கம் வெளியே, மேலே இருக்கும் கம்பியை மூக்கின் மேல் அழுத்திவிட வேண்டும். அந்தக் கம்பியை முக்கால்வாசிப் பேர் தொடுவதே இல்லை, அதனால்தான் கண்ணாடி போட்டவர்களுக்குப் பனி பிடிக்கிறது. பனி பிடிக்கிறது என்றால் மூச்சுக்காற்று மேல் வழியாகத் தப்புகிறது என்று அர்த்தம். இதைத் துவைத்துக் கொடியில் காயப்போடுவது வீண் வேலை. நடு அடுக்கில் இருக்கும் மின்னேற்றம்தான் நுண்துகளை இழுத்துப் பிடிக்கிறது, சோப்பில் அது போய்விடும், சானிடைசர் அடித்தாலும் போய்விடும். பார்க்கப் புதுசு மாதிரி இருக்கும், அவ்வளவுதான். துணி மாஸ்க் என்றால் தினமும் துவைக்கலாம், துவைக்கத்தான் வேண்டும். வீட்டில் வயதானவர்களோ ஆஸ்துமாக்காரரோ இருந்தால் என்95 வாங்குங்கள், ஆனால் முன்னால் வால்வு வைத்ததை வாங்காதீர்கள். உள்ளே வரும் காற்றை அது வடிகட்டும், நீங்கள் விடுகிற மூச்சை அப்படியே வெளியே விட்டுவிடும். மத்திய சுகாதாரத் துறை 2020 ஜூலையிலேயே அதைப் பொதுமக்கள் போட வேண்டாம் என்று சொன்னது. அடர்ந்த தாடி இருந்தால் என்95 முகத்தில் ஒட்டி நிற்காது, கொடுத்த காசுக்குப் பலன் பாதிதான். வண்டிக் கண்ணாடியில் ஒரு வாரமாகத் தொங்குகிற மாஸ்க்கைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை, பார்த்தாலே தெரியும்.

இடுப்பில் இருக்கிற கைக்குழந்தைக்கு மாஸ்க் மாட்டாதீர்கள். அக்கா பள்ளிக்குப் போகிறாள், தம்பியும் கூட வந்திருக்கிறான், அவனுக்கும் ஒன்று என்று சின்ன மாஸ்க்கில் கார்ட்டூன் படம் போட்டு விற்கிறார்கள். ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு மாஸ்க் தேவையில்லை என்றுதான் 2020இல் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும், 2021 ஜூனில் நம் சுகாதாரச் சேவைகள் இயக்ககமும் சொன்னது. ஆறில் இருந்து பதினொன்று வரை பெரியவர்கள் பார்வையில் போடலாம். பிள்ளைகள் போடாதபோது நாங்கள் ஏன் என்று குரூப்பில் கேட்டார்களே, அதற்கான பதிலில் பாதி இதுதான். சின்னப் பிள்ளையால் சரியாகப் போட்டுக்கொள்ள முடியாது, நம்மால் முடியும்.

எல்லைக்கே உரிய ரெண்டு விஷயம். ஒன்று, சர்க்குலர் மலையாளத்தில் வரும். தமிழ் மீடியத்தில் படித்த அம்மாவுக்கு அதை வாசிக்க வராது, மூன்றாம் வகுப்புப் பிள்ளையிடம் நீட்டி என்னடா எழுதியிருக்கு என்பார். பிள்ளை முதல் வரியை மட்டும் படித்து, மாஸ்க் போடணுமாம் என்று முடித்துவிடும். கீழே காய்ச்சல் இருந்தால் அனுப்ப வேண்டாம் என்று இருக்கும், கேட் மாற்றம் இருக்கும், ஒன்றாம் வகுப்புக்கு நேரம் முன்னாடி என்று இருக்கும். அதைப் படம் எடுத்து மலையாளம் தெரிந்த ஒருவருக்கு அனுப்பி முழுசாகக் கேளுங்கள், அல்லது டீச்சரிடமே கேளுங்கள், சித்தூர் தாலுகாப் பள்ளிகளில் தமிழ் பேசுகிற டீச்சர்களுக்குப் பஞ்சமில்லை. இன்னொன்று, எல்லைக்கு அந்தப் பக்கம் மாஸ்க் சட்டம் இல்லையே, இங்கே மட்டும் ஏன் என்கிற பேச்சு. 2021 ஆகஸ்டில் கேரளாவில் இருந்து தமிழ்நாட்டுக்குள் போக ஆர்டிபிசிஆர் கொரோனா டெஸ்ட் ரிசல்ட்டோ ரெண்டு டோஸ் ஊசி சர்ட்டிஃபிகேட்டோ கேட்டபோது பழகிய பழக்கம், இன்னும் எதையும் செக்போஸ்ட்டை வைத்தே பார்க்கிறோம். இப்போது பள்ளி கேட்பது சட்டம் இல்லை, அபராதம் இல்லை, வெறும் வேண்டுகோள். அதனாலேயே கேட்டில் நிற்கும் வாட்ச்மேன் அண்ணனிடம் எந்த அரசாணையில் இருக்கு காட்டு என்று எகிறுவது அசிங்கம். சொல்லச் சொன்னதை அவர் சொல்கிறார். மூச்சுத் திணறல் மாதிரி நிஜமான காரணம் இருந்தால் வகுப்பு டீச்சரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் தள்ளி நில்லுங்கள், யாரும் ஒன்றும் கேட்கப் போவதில்லை.

பேரனைக் கூப்பிட வருகிற அப்பாருக்கு மட்டும் கொஞ்சம் பொறுமை காட்டுங்கள். காது சரியாகக் கேட்காதவர்கள் எதிரில் இருப்பவரின் வாயைப் பார்த்துத்தான் பாதி புரிந்துகொள்கிறார்கள், மாஸ்க் அதை மறைத்துவிடும். ஓரமாகக் கூட்டிப் போய், தள்ளி நின்று, மாஸ்க்கை இறக்கி, மெதுவாகச் சொல்லுங்கள்.

கடைசியாக வேன், ஆட்டோ. கேட்டில் அவ்வளவு கறாராக இருக்கிற நாம், மழை என்று நாலு பக்கமும் தார்ப்பாய் இறக்கிவிட்ட ஆட்டோவில் எட்டுப் பிள்ளைகளை அடைத்து அனுப்புகிறோம். திறந்த வெளியைவிட அங்கேதான் காற்று ஓடாமல் நிற்கும். டிரைவருக்குச் சளி என்றால் அவர் மாஸ்க் போடட்டும், ஒரு பக்கத் தார்ப்பாயையாவது பாதி சுருட்டிவிடச் சொல்லுங்கள், பிள்ளைகள் கொஞ்சம் நனைந்தால் பரவாயில்லை, பையில் ஒரு துண்டு போட்டு அனுப்புங்கள்.