தேர்தல் விளம்பரம் ஒரு வேட்பாளரைத் திரித்துக் காட்டுகிறதா என்று சோதிப்பது எப்படி?

ஒரு வேட்பாளரைத் திரித்துக் காட்ட அப்பட்டமான பொய் தேவையில்லை. அவர் உண்மையாகவே பேசிய வாக்கியம், அவையில் அளித்த வாக்கு, நின்ற இடம் ஆகியவற்றிலிருந்து துண்டுகளை எடுத்து வேறு வரிசையில் ஒட்டிவிட்டால் போதும்; அவர் சொல்லாததைச் சொன்னதாகவும் செய்யாததைச் செய்ததாகவும் பார்ப்பவரின் மனமே முடிவு கட்டிவிடும். ஆகவே, விளம்பரத்தில் வரும் ஒவ்வொரு துண்டும் உண்மையா என்று பார்ப்பதோடு நின்றுவிடாமல், எங்கே வெட்டினார்கள், எங்கே ஒட்டினார்கள் என்றும் தேட வேண்டும்.

முதலில் விளம்பரத்தை ஒலியில்லாமல் ஒரு முறை பாருங்கள். பிறகு திரையைப் பார்க்காமல் ஒலியை மட்டும் கேளுங்கள். நான் எப்போதும் இப்படித்தான் தொடங்குகிறேன், ஏனெனில் படமும் இசையும் குரலும் சேர்ந்து வரும்போது எது நம்மைக் கோபப்படுத்தியது என்று பிரித்தறிய முடிவதில்லை. அடுத்து, ஒரு தாளில் இரண்டு வாக்கியங்கள் எழுதுங்கள்: விளம்பரம் சொற்களால் சொன்னது என்ன, அதைப் பார்த்து முடித்ததும் நீங்கள் நம்பியது என்ன. இரண்டுக்கும் இடையே உள்ள இடைவெளியில்தான் திரிபு ஒளிந்திருக்கும்.

வேட்பாளரின் சொந்தக் குரலே விளம்பரத்தில் ஒலித்தால், கூடுதல் கவனம் தேவை. 2011 நவம்பரில் அமெரிக்காவில், அதிபர் ஒபாமாவை எதிர்த்துப் போட்டியிடக் களமிறங்கிய மிட் ராம்னியின் பிரசாரக் குழு வெளியிட்ட விளம்பரத்தில், 'பொருளாதாரத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் நாம் தோற்றுவிடுவோம்' என்று பராக் ஒபாமா சொல்வது கேட்டது. குரல் அவருடையதுதான், சொற்களும் அவர் வாயிலிருந்து வந்தவைதான். ஆனால் 2008-இல் ஆற்றிய அந்த உரையில் அவர், தம்மை எதிர்த்துப் போட்டியிட்ட ஜான் மெக்கெயினின் பிரசாரத் தரப்பு இப்படிச் சொல்கிறது என்று கூறிவிட்டே அந்த வாக்கியத்தை மேற்கோளாக எடுத்துச் சொன்னார். அந்த முன்பகுதியை வெட்டியதும், எதிராளியின் கூற்று அவருடைய ஒப்புதல் வாக்குமூலமாக மாறிவிட்டது. எனவே முழு உரையின் காணொளியையோ எழுத்து வடிவத்தையோ தேடியெடுத்து, விளம்பரத்தில் வந்த வாக்கியத்துக்கு முன்னும் பின்னும் இரண்டு நிமிடங்களாவது படியுங்கள். அது யாருடைய கூற்று, எந்தக் கேள்விக்கு விடை, 'ஆனால்', 'ஒருவேளை', 'என்கிறார்கள்' போன்ற சொற்கள் உதிர்க்கப்பட்டனவா என்று பாருங்கள்.

வெட்டுவது சொற்களை மட்டுமல்ல, நேரத்தையும்தான். 2019-இல் பிரிட்டனின் கன்சர்வேட்டிவ் கட்சி, தொழிற்கட்சியின் கியெர் ஸ்டார்மர் தொலைக்காட்சிப் பேட்டியில் பிரெக்ஸிட் (ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் விலகுவது) பற்றிய ஒரு கேள்விக்கு விடை தெரியாமல் விழிப்பது போன்ற காணொளியை வெளியிட்டது. நேரலையில் அவர் உடனுக்குடன் பதில் சொல்லியிருந்தார். மூலத்தையும் வெட்டப்பட்டதையும் அடுத்தடுத்துப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் வெளிப்பட்டுவிடும் திரிபு இது.

வாக்களிப்புப் பதிவைக் காட்டும் விளம்பரங்கள் இன்னும் சிக்கலானவை. பெரும்பாலோர் ஏமாறுவதும் இங்கேதான் என்பது என் எண்ணம். 2002-இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் மேலவையான செனட்டுக்கு ஜார்ஜியா மாநிலத்தில் நடந்த தேர்தலில், அப்போதைய செனட்டர் மேக்ஸ் கிளீலாண்டுக்கு எதிரான விளம்பரம் ஒசாமா பின் லாடன், சதாம் உசேன் ஆகியோரின் படங்களோடு தொடங்கி, உள்நாட்டுப் பாதுகாப்பு நடவடிக்கைகளுக்கு எதிராக அவர் 11 முறை வாக்களித்தார் என்றது. கிளீலாண்ட் வியட்நாம் போர்க்களத்தில் இரண்டு கால்களையும் ஒரு கையையும் இழந்தவர். உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை அமைய வேண்டும் என்பதையும் ஆதரித்தவர். தகராறு அத்துறை ஊழியர்களின் பணிப் பாதுகாப்பு உரிமைகளைப் பற்றியே எழுந்தது. எண்ணிக்கை மட்டும் திரையில் வந்தது, எதன்மீது வாக்களித்தார் என்பது வரவில்லை. அத்தேர்தலில் அவர் தோற்றார்.

இத்தகைய விளம்பரத்தைச் சோதிக்க அவைக் குறிப்புகளைத் திறக்க வேண்டும். அந்த வாக்கு இறுதி மசோதாவின் மீதா, ஒரு திருத்தத்தின் மீதா, விவாதத்தை முடிப்பது போன்ற நடைமுறைத் தீர்மானத்தின் மீதா? ஒரே மசோதாவின் மீது நடந்த பல வாக்கெடுப்புகளைத் தனித்தனிக் குற்றங்களாக எண்ணிவிட்டார்களா? நூறு விஷயங்களை ஒன்றாகக் கட்டிய மசோதாவை எதிர்த்தவரை, அதிலுள்ள ஒரே ஒரு நல்ல அம்சத்தின் எதிரியாகக் காட்டுகிறார்களா? எதிர்த்தவர் அதற்கு மாற்றாக வேறு திருத்தம் கொண்டுவந்தாரா என்பதையும் பாருங்கள்; விளம்பரம் அதை ஒருபோதும் உங்களுக்குச் சொல்லாது.

படங்களைப் பொறுத்தவரை, பழைய உதாரணம் ஒன்று இன்றும் பாடமாக இருக்கிறது. 1950-இல் அமெரிக்காவின் மேரிலாந்து மாநில செனட்டர் மில்லார்ட் டைடிங்ஸுக்கு எதிராக விநியோகிக்கப்பட்ட பிரசுரத்தில், அவரும் அமெரிக்கக் கம்யூனிஸ்ட் கட்சியின் முன்னாள் தலைவர் ஏர்ல் பிரௌடரும் நெருங்கி நின்று பேசுவது போன்ற படம் இருந்தது. அது வெவ்வேறு இரண்டு படங்களை ஒட்டிச் செய்தது. வேதனை என்னவென்றால், இது ஒட்டுப்படம் என்று படத்தின் அடியில் இருந்த விளக்கத்திலேயே குறிப்பிட்டிருந்தார்கள். கண் படத்தைத்தான் நம்பியது. தேர்தலில் டைடிங்ஸ் தோற்ற பிறகு, அந்தப் பிரசாரத்தைக் கண்டித்து செனட் குழு அறிக்கை அளித்தது. ஆகவே அடிக்குறிப்புகளைக் காணொளியை நிறுத்தி நிறுத்திப் படியுங்கள். படத்தின் மூலம் எது என்று கூகுள் லென்ஸ் போன்ற வசதிகளில் தேடுங்கள். முகம் கருக்கப்பட்டிருக்கிறதா, அசைவு மெதுவாக்கப்பட்டிருக்கிறதா என்று மூலத்தோடு ஒப்பிடுங்கள். இன்று ஒட்டவேண்டிய தேவைகூட இல்லை: 2024 ஜனவரியில் அமெரிக்காவின் நியூ ஹாம்ஷயர் மாநில வாக்காளர்களுக்கு வந்த தானியங்கித் தொலைபேசி அழைப்புகளில், கட்சியின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதனிலைத் தேர்தலில் வாக்களிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட, அப்போதைய அதிபர் ஜோ பைடனின் குரல் செயற்கை நுண்ணறிவால் உருவாக்கப்பட்டது.

புள்ளிவிவரம் வந்தால் தொடக்க ஆண்டைப் பாருங்கள், வேட்பாளர் பதவியேற்ற ஆண்டோடு அது பொருந்துகிறதா என்று பாருங்கள், வரைபடத்தின் அச்சு பூஜ்ஜியத்தில் தொடங்குகிறதா என்று பாருங்கள். பத்திரிகைத் தலைப்பு மின்னி மறைந்தால், அது செய்தியா, தலையங்கமா, எதிர்க்கட்சியினர் சொன்னதை வெளியிட்ட வரியா என்பதை அந்த இதழிலேயே தேடிப் படியுங்கள்.

பிறகு பணம் கொடுத்தவரைத் தேடுங்கள். மெட்டா, கூகுள் ஆகிய நிறுவனங்களின் விளம்பரக் காப்பகங்களில், பல நாடுகளின் அரசியல் விளம்பரங்களுக்கு யார் பணம் கொடுத்தார், தோராயமாக எவ்வளவு செலவழித்தார் என்ற விவரம் உண்டு. ஒரே வேட்பாளரைப் பற்றி வெவ்வேறு பகுதியினருக்கு வெவ்வேறு விளம்பரம் காட்டப்படுவதையும் அங்கே காணலாம். யாரோ முன்கூட்டியே சரிபார்த்திருப்பார்கள் என்று நம்பி இருந்துவிட வேண்டாம். அமெரிக்காவில் வேட்பாளரே தரும் விளம்பரத்தை, அது பொய்யாக இருந்தாலும், வானொலி, தொலைக்காட்சி நிலையங்கள் தணிக்கை செய்யக்கூடாது என்பது சட்டம். பிரிட்டனின் விளம்பரத் தர ஆணையம் தேர்தல் விளம்பரங்களை 1999 முதல் தன் விதிகளுக்கு வெளியே வைத்திருக்கிறது.

இதே சோதனையை, நீங்கள் ஆதரிக்கும் வேட்பாளரைப் புகழும் விளம்பரத்துக்கும் செய்யுங்கள். ஒருவர் வெறுமனே வாக்களித்த திட்டத்தை அவரே உருவாக்கியதாகச் சொல்வதும் அதே திரிபுதான், நாம் அதை எளிதில் மன்னித்துவிடுகிறோம். இதைச் செய்துபார்க்கும்போது மனம் சற்று நோகும், அதற்காக விட்டுவிடாதீர்கள்.

திரிபைக் கண்டுபிடித்துவிட்டால், 'இது பொய்' என்று எழுதி அதே விளம்பரத்தைப் பகிர வேண்டாம். பலர் படத்தை மட்டும் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். முழு உரையின் இணைப்பை அனுப்பி, வெட்டப்பட்ட வாக்கியம் எத்தனையாவது நிமிடத்தில் வருகிறது என்பதைக் குறிப்பிடுங்கள்.