ஆயா வீட்டில் பிறந்த பிள்ளைக்கு அப்பச்சி வழியில் பிரிட்டிஷ் குடியுரிமை உண்டா?

தலைப்பிரசவம் தாய் வீட்டில், அதாவது பிள்ளையின் ஆயா (அம்மாவின் அம்மா) வீட்டில்தான் என்பது நம் செட்டிநாட்டுப் பக்கத்து வழக்கம். அப்பச்சி என்று நாங்கள் சொல்வது அப்பாவை; ஐயா என்பது அப்பாவின் அப்பாவை. மாப்பிள்ளை லண்டனில் வேலை பார்த்து அந்த நாட்டுக் குடியுரிமையும் வாங்கியிருப்பார். பிள்ளை காரைக்குடியில் பிறக்கும். இப்படிப் பிறந்த பிள்ளைக்குப் பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வாங்கும் வேலையை என் தங்கை மகளுக்கு முடித்துக் கொடுத்ததிலிருந்து உறவில் பலரும் விசாரிக்கிறார்கள். ஆன்லைன் ஃபாரம் நிரப்புவது, கட்டணம் கட்டுவதெல்லாம் உங்களுக்கே தெரியும் என்பதால் அதற்குள் போகவில்லை.

படி 1: இரண்டு தேதிகளைப் பாருங்கள்

பிள்ளை பிறந்த தேதி ஒன்று. அப்பச்சியின் குடியுரிமைச் சான்றிதழில் இருக்கும் தேதி இன்னொன்று. சான்றிதழ் முந்தியது என்றால், 1981-ம் ஆண்டு பிரிட்டிஷ் குடியுரிமைச் சட்டப்படி பிள்ளை பிறக்கும்போதே வம்சாவளியில் குடிமகன். குடியுரிமைக்கென்று தனி விண்ணப்பம் வேண்டாம். நேராகப் பாஸ்போர்ட்டுக்கே போடலாம். 1983 ஜனவரி 1 முதல் பிறந்தவர்களுக்குத் தாய் வழியிலும் இதே விதிதான்.

ஹோம் ஆஃபீஸ் (பிரிட்டிஷ் உள்துறை) ஒப்புதல் கடிதம் வந்த நாளைக் கணக்கில் எடுக்காதீர்கள். 2004 முதல், குடியுரிமை விழாவில் உறுதிமொழி எடுக்கும் நாளில்தான் ஒருவர் குடிமகன் ஆகிறார். கடிதத்துக்கும் விழாவுக்கும் நடுவில் பிறந்த பிள்ளைக்கு இந்த வழி கிடையாது. அந்தப் பிள்ளைக்கு 18 வயதுக்குள் எம்.என்.1 என்ற ஃபாரத்தில் குடிமகனாகப் பதிவு செய்யக் கேட்கலாம். ஆனால் கொடுப்பதும் மறுப்பதும் ஹோம் ஆஃபீஸ் முடிவு.

படி 2: திருமணச் சான்று

கல்யாணத்தில் இரு வீட்டாரும் எழுதிக்கொள்ளும் இசைகுடிமானம் நமக்குப் பெரிய ஆவணம்தான். ஆனால் பிரிட்டிஷ் பாஸ்போர்ட் அலுவலகத்தில் சார்பதிவாளர் கொடுத்த சான்றுதான் செல்லும். தமிழ்நாட்டின் 2009-ம் ஆண்டுச் சட்டப்படி 90 நாளுக்குள் பதிய வேண்டும். கூடுதல் கட்டணத்தோடு இன்னும் 60 நாள் உண்டு. அதையும் தாண்டியவர்கள் இந்துத் திருமணச் சட்டத்தின் கீழ் பதியலாம். 2006 ஜூலை 1-க்கு முன் பிறந்தவர் அப்பச்சி வழியில் தானாகக் குடியுரிமை பெற, பெற்றோருக்குத் திருமணம் ஆகியிருப்பது கட்டாயம்.

படி 3: பெயர்

எங்களை அதிகம் இழுத்தடித்தது இதுதான். ஊரில் ஒருவர் 'மெ. பழ. சிதம்பரம்' என்று வைத்துக்கொள்வோம். ஐயா பெயரின் முதல் எழுத்து, அப்பச்சி பெயரின் முதல் எழுத்து, அப்புறம் தன் பெயர். லண்டனில் அவரே 'சிதம்பரம் பழனியப்பன்'. பழனியப்பன் குடும்பப் பெயராகிவிடும். திருமணச் சான்றில் 'பழ. சிதம்பரம்', ஆஸ்பத்திரித் தாளில் வெறும் 'சிதம்பரம்'. ஒரே ஆள்தான் என்று அந்த அதிகாரிக்கு எப்படித் தெரியும்?

பிரசவத்துக்குப் போகும்போதே தகப்பனாரின் பிரிட்டிஷ் பாஸ்போர்ட் நகலைப் பையில் வையுங்கள். பிறப்புப் பதிவுப் படிவத்தில் அதே எழுத்துக்கூட்டலை எழுதச் சொல்லுங்கள். பிள்ளையின் பெயர் இல்லாமல் சான்றிதழ் வந்திருந்தால், பெயரைச் சேர்த்துவிட்டே அடுத்த வேலை. 12 மாதத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. பெயர் மாறிமாறி இருந்தால் எல்லா வடிவங்களையும் குறிப்பிட்டு நோட்டரி உறுதிமொழிப் பத்திரம் ஒன்று போடுங்கள்.

ஆவணங்களை ஃபோன் கேமராவில் எடுப்பதை நான் ஒப்பவே மாட்டேன். ஜெராக்ஸ் கடையின் ஸ்கேனரில் கலரில் எடுத்தால்தான் முத்திரையும் ஓர எழுத்தும் தெளிவாக விழும்.

படி 4: சாட்சிக் கையெழுத்து

முதல் பாஸ்போர்ட்டுக்கு, விண்ணப்பிக்கும் பெற்றோரை இரண்டு வருடமாவது தெரிந்த ஒருவர் உறுதி சொல்ல வேண்டும். அவர் சொந்தக்காரராக இருக்கக்கூடாது. நம் ஊரில் பங்காளி, சம்பந்தி என்று எல்லோரும் உறவாகவே வருவார்கள். பழைய பள்ளி ஆசிரியர், வங்கி அதிகாரி போன்ற ஒருவரை முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

படி 5: இந்தியப் பக்கம்

தாய் இந்தியக் குடிமகள் என்றால் இங்கே பிறந்த பிள்ளை இந்தியக் குடிமகனும்தான். ஆனால் இரண்டு நாட்டுப் பாஸ்போர்ட்டையும் சேர்த்து வைத்திருக்க இந்தியச் சட்டம் விடாது. பிரிட்டிஷ் பாஸ்போர்ட் எடுத்தால் அதில் இந்திய விசா இருக்காதே; அதனால் விமானம் ஏற எஃப்.ஆர்.ஆர்.ஓ-வில் (வெளிநாட்டவர் பதிவு அலுவலகம்) வெளியேறும் அனுமதி வாங்க வேண்டும். அது கையில் வந்தபிறகு டிக்கெட் போடுங்கள்.

பின்சேர்க்கை

படித்தவர்கள் கேட்டதால் இதையும் சேர்க்கிறேன். ஐயா பிரிட்டிஷ் குடியுரிமை வாங்கியிருந்து, அப்பச்சியும் நானும் ஊரில்தான் பிறந்தோம், எனக்கு வருமா? தானாக வராது. வம்சாவளிக் குடியுரிமை வெளிநாட்டில் பிறக்கும் ஒரு தலைமுறையோடு நிற்கும்.

பிரசவத்தை எங்கே வைப்பது என்று முடிவு செய்யும்போதே இதைப் பேசிவிடுங்கள் என்று மன்றாடிக் கேட்கிறேன். பிள்ளை லண்டனில் பிறந்தால், நாளை அதன் பிள்ளைகள் எங்கே பிறந்தாலும் குடியுரிமை போய்ச்சேரும். காரைக்குடியில் பிறந்தால், அதன் பிள்ளைகளும் பிரிட்டனுக்கு வெளியே பிறக்கும்போது தானாகச் சேராது. ஆனால் காரைக்குடியில் பிறந்த அந்தப் பிள்ளை, தனக்குக் குழந்தை பிறப்பதற்கு முன் ஏதாவது ஒரு காலத்தில் தொடர்ந்து மூன்று வருடம் பிரிட்டனில் வாழ்ந்திருந்தால், அந்தக் குழந்தைக்கு 18 வயதுக்குள் பதிவு கேட்க உரிமை உண்டு. அங்கே படித்த பள்ளிச் சான்று, வீட்டு வாடகை ஒப்பந்தம் எதையும் தூக்கிப் போடாதீர்கள்.