நூறு கிலோ லித்தியம் கிரீஸ் காய்ச்சும் முறை

கோவையில் மோட்டார், பம்ப்செட் பேரிங்குகளுக்குக் கிரீஸ் காய்ச்சுவது என் தொழில். புதிதாக இறங்குகிறவர்கள் முதலில் கேட்பது, "சோப்பு எத்தனை சதவீதம்?" என்றுதான். எப்படி ஆற்றினீர்கள் என்றுதான் நான் திருப்பிக் கேட்பேன். கிரீஸில் சோப்பு என்பது அமிலமும் லித்தியக் காரமும் சேர்ந்து உண்டாவது. எண்ணெயைப் பிடித்து வைத்திருப்பது அந்தச் சோப்பு நார்களின் வலை. அந்த நார் உருவாவது ஆறும்போதுதான்.

100 கிலோவுக்கு, விளக்கெண்ணெயிலிருந்து எடுக்கும் 12-ஹைட்ராக்ஸி ஸ்டியரிக் அமிலம் 8 கிலோ, எஸ்.என். 500 ரக பேஸ் ஆயில் (கிரீஸுக்கான மூல எண்ணெய்) 90 கிலோ. லித்தியம் ஹைட்ராக்சைடைக் குத்துமதிப்பாகப் போடாதீர்கள். அமிலத்தின் ஆசிட் வேல்யூவை (ஒரு கிராம் அமிலத்தைச் சமன்செய்ய எத்தனை மில்லிகிராம் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு வேண்டும் என்ற எண்) 0.748-ஆல் பெருக்கினால், ஒரு கிலோ அமிலத்துக்கு எத்தனை கிராம் லித்தியம் ஹைட்ராக்சைடு மோனோஹைட்ரேட் என்று வந்துவிடும். 178 என்றால் 133 கிராம். 8 கிலோவுக்கு 1,065. நான் 1,120 போடுவேன். காரம் சற்றே மிஞ்சி நிற்கலாம், அமிலம் மிஞ்சினால் கிரீஸ் இளகிவிடும். லாட் மாறினால் கணக்கும் மாறும்.

கெட்டிலில், அதாவது காய்ச்சும் கொப்பரையில், பாதிக்கு மேல் நிரப்ப வேண்டாம். 40 கிலோ எண்ணெயோடு அமிலத்தைப் போட்டு 85 டிகிரிக்குச் சூடாக்கினால் முழுக்கக் கரைந்துவிடும். லித்தியம் ஹைட்ராக்சைடை 5.5 லிட்டர் சுடுநீரில் கரைத்து, கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொண்டு, நூல் பிடித்தாற்போல ஊற்றுங்கள். ஆரம்ப நாட்களில் அவசரத்தில் எண்ணெய் 120-ஐத் தாண்டியிருந்தபோது ஊற்றிவிட்டேன். தண்ணீர் ஒரே மூச்சில் ஆவியாகி, நுரை கெட்டிலைத் தாண்டித் தரையெல்லாம் ஓடியது. யாருக்கும் அடிபடவில்லை என்பதை இன்றும் நன்றியோடு நினைக்கிறேன்.

95 டிகிரியில் ஒரு மணி நேரம் கிளறுங்கள். அப்புறம் மெதுவாக 130 வரை ஏற்றித் தண்ணீரை விரட்டுங்கள். நுரை அடங்கி, கிளறும் சத்தம் கனமாக மாறும். அதுவரை அவசரப்படக் கூடாது. காரம் இருந்தால் நிறம் மாறும் ஃபினால்ப்தலீனை ஒரு துளி விட்டு, லேசாக இளஞ்சிவப்பு வருகிறதா என்று இந்த இடத்தில் பாருங்கள்.

பிறகு 200 முதல் 205 டிகிரி. மங்கலாக இருந்த கலவை தேன்போலத் தெளியும். தெளிந்ததும் பத்து நிமிடம் போதும். அதற்கு மேல் நிறுத்தினால் எண்ணெய் கறுக்கும். தெர்மிக் ஃப்ளூயிட் (சூடான எண்ணெயைச் சுற்றவிடும் முறை) சூடு வையுங்கள், நேரடி நெருப்பு வேண்டாம்.

இப்போதுதான் முக்கியமான வேலை. எடுத்து வைத்த எண்ணெயில் 40 கிலோவைக் கிளறிக்கொண்டே விடுங்கள். எவ்வளவு வேகமாக விட்டீர்கள், எந்தச் சூட்டில் நார் படிந்தது என்பதைப் பொறுத்து ஒரே பொருட்களில் வேறு வேறு கிரீஸ் வரும். அதனால் ஒவ்வொரு பேட்ச்சிலும் நேரத்தையும் சூட்டையும் நோட்டில் எழுதுகிறேன். 80-க்குக் கீழே வந்ததும் ஆன்டிஆக்சிடன்ட், துருத்தடுப்பான் சேர்த்து, கொலாய்டு மில்லில் (நுண்ணியதாக அரைக்கும் இயந்திரம்) அரைத்துக் காற்றை வெளியேற்றுங்கள்.

25 டிகிரியில் 60 முறை இடித்துப் பெனிட்ரேஷன் பாருங்கள், அதாவது கூம்பு கிரீஸில் எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று. எண் கூடினால் கிரீஸ் இளக்கம். 265 முதல் 295 என்றால் கிரீஸின் கெட்டித்தன்மையைக் குறிக்கும் என்.எல்.ஜி.ஐ. தரவரிசையில் 2. டிராப் பாயின்ட் (கிரீஸ் உருகிச் சொட்டத் தொடங்கும் சூடு) 190 டிகிரியை ஒட்டி வர வேண்டும். பெனிட்ரேஷன் 250 வந்தால், மீதி 10 கிலோ எண்ணெயில் கொஞ்சம் விட்டு மறுபடி அரைக்கலாம். 320 வந்தால் எண்ணெயைத் திரும்ப எடுக்க முடியாது. அடுத்த பேட்ச்சைக் கெட்டியாகக் காய்ச்சி இதோடு கலக்க வேண்டும். அதற்காகவே அந்தப் பத்துக் கிலோவை நான் கடைசி வரை தொடுவதில்லை.