பழைய காரின் மீட்டரில் கை வைக்கிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிர்த்துவிடுங்கள்

பழைய புரோட்டான் சாகா, வீரா, பெரோடுவா கஞ்சில் கார் வைத்திருப்பவர்கள் ஆசைப்பட்டு முதலில் கழற்றுவது, வேகம், பெட்ரோல், சூடு காட்டும் மீட்டர் பெட்டியைத்தான். மங்கிய பச்சை வெளிச்சத்தை எடுத்துவிட்டு வெள்ளை எல்இடி, புது டயல், நிறம் மாற்றிய முள் என்று போட்டால் செலவும் அதிகமில்லை, பார்க்கவும் அழகு. ஆனால் அந்தப் பெட்டிக்குள் இருக்கும் எல்லா பல்பும் வெளிச்சத்துக்காக மட்டும் வைக்கப்பட்டவை அல்ல. முள் ஒவ்வொன்றும் ஓர் அளவுகோல். தப்பான கணக்கைக் காட்டும் அழகான மீட்டரைவிட மங்கலான பழைய மீட்டரே மேல்.

சார்ஜ் விளக்கைத் தொடாதீர்கள்

அதிகம் நடக்கும் தவறு இது. பத்து எல்இடி அடங்கிய பாக்கெட்டை வாங்கி, மீட்டருக்குப் பின்னால் இருக்கும் எல்லா பல்பையும் ஒரே மூச்சில் மாற்றிவிடுகிறார்கள். அதில் பேட்டரிப் படம் போட்ட சிவப்பு விளக்கும் போய்விடுகிறது.

பல பழைய கார்களில், பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் வேலை தொடங்கத் தேவையான முதல் கரண்ட் இந்த பல்பு வழியாகத்தான் போகிறது. சாவியைத் திருப்பியதும் பல்பைக் கடந்து வரும் கரண்ட், ஆல்டர்னேட்டருக்குள் இருக்கும் ரோட்டர் சுருளைக் காந்தமாக்குகிறது. 1.4 வாட் பல்பு சுமார் 0.12 ஆம்பியர் விடும். 3 வாட் பல்பு 0.25 ஆம்பியர் விடும். சாதாரண எல்இடி விடுவது 0.02 ஆம்பியர் அளவுதான். அது போதாததால், என்ஜின் ஓடினாலும், ஆக்சிலரேட்டரை மிதிக்காத ஐட்லிங்கில் சார்ஜ் ஏறாது. நன்றாக ஆக்சிலரேட்டரை மிதித்த பிறகே ஏறத் தொடங்கும், சில கார்களில் அதுவும் இல்லை. எல்இடி தலைகீழாகப் பொருந்திவிட்டால் இன்னும் மோசம்: விளக்கும் எரியாது, சார்ஜும் ஏறாது, ஓட்டுபவருக்கு ஒன்றும் தெரியாது. மாலை மழையில் ஃபெடரல் நெடுஞ்சாலை ஜாமில் ஏர்கோன், வைப்பர், ஹெட்லைட் மூன்றும் ஓடிக்கொண்டிருக்கும்போது பேட்டரி படுத்துவிடும்.

அந்த ஒரு பல்பை மட்டும் பழையபடியே விட்டுவிடுங்கள். எல்இடிதான் வேண்டும் என்றால், அதற்கு இணையாக (பேரலலாக) 100 ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றைச் சேர்க்க வேண்டும்; குறைந்த கரண்டை அது ஈடுகட்டும். கோலாலம்பூர் ஜாலான் பசார் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். ரெசிஸ்டர் சூடாகும் என்பதால் பிளாஸ்டிக்கில் ஒட்டாமல் வையுங்கள். பிறகு வண்டியை ஸ்டார்ட் செய்து, ஆக்சிலரேட்டரைத் தொடாமல், பேட்டரி முனைகளில் வோல்ட் அளக்கும் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். 13.8 முதல் 14.4 வோல்ட் வரை காட்டினால் சரி. 12.5 பக்கம் நின்றால் சார்ஜ் ஏறவில்லை.

வெளிச்சம், நிறம்

எல்இடிக்குப் பிளஸ், மைனஸ் உண்டு. எரியவில்லை என்றால் கழற்றித் திருப்பிப் போடுங்கள். பல்பு போய்விட்டதா என்று கணினி கண்காணிக்கும் புதிய கார்களுக்கான 'கேன்பஸ்' என்று எழுதியதை வாங்க வேண்டாம். அதற்குள் இருக்கும் ரெசிஸ்டர் வீணாகச் சூடாகி சாக்கெட்டை உருக்கும்; பழைய காருக்கு அது தேவையே இல்லை. அதே காரணத்துக்காக, 3.4 வாட் பல்பு இருந்த இடத்தில் 'பளிச்சென்று இருக்கட்டும்' என்று 5 வாட் பல்பு போடுவதும் தவறு. உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் பழுப்பேறி வளைந்துவிடும்.

மீட்டர் வெளிச்சத்தைக் குறைக்கும் திருகு, எல்இடி போட்டதும் வேலை செய்வதில்லை என்று பலர் குறைப்படுகிறார்கள். அதன் காரணம் எளிது. நான்கு 3.4 வாட் பல்புகள் சேர்ந்து 1 ஆம்பியருக்கு மேல் இழுக்கும், எல்இடிகள் 0.1 ஆம்பியர்கூட இழுக்காது. 10 ஓம் திருகு அந்தச் சிறு கரண்டில் 1 வோல்ட்தான் குறைக்கும். ஆகவே மீட்டர் எப்போதும் முழு வெளிச்சத்தில் நிற்கும். நகருக்குள் அது உறுத்தாது. கராக் நெடுஞ்சாலையில் இருட்டுப் பகுதிக்குள் நுழைந்தால் கண் கூசும், கண்ணாடியிலும் மீட்டர் பிரதிபலிக்கும். கரண்டை வேகமாக விட்டுவிட்டு அனுப்பி வெளிச்சத்தைக் குறைக்கும், தனியாக விற்கும் 12 வோல்ட் பிடபிள்யூஎம் டிம்மர் போடுங்கள். இல்லையென்றால் மங்கலான வார்ம் வைட் எல்இடியைத் தேர்ந்தெடுங்கள். முனையில் மட்டும் ஒளி வீசும் எல்இடி போட்டால் நடுவில் பளீரென்றும் ஓரத்தில் இருட்டாகவும் தெரியும். பக்கவாட்டில் ஒளி பரப்பும் வகையாகக் கேட்டு வாங்குங்கள்.

நீல வெளிச்சத்தில் சிவப்பு முள் கறுப்பாகிவிடும். சிவப்புச் சாயம் திருப்பி அனுப்ப நீலத்தில் சிவப்பே இல்லை. நீலம் வேண்டும் என்றால் முள் வெள்ளையாக இருக்க வேண்டும். பழைய பல்புகளின் மேல் பச்சை ரப்பர் மூடியோ, உள்ளே நிறத் தகடோ இருக்கும். அதை எடுக்காமல் எந்த எல்இடி போட்டாலும் நினைத்த நிறம் வராது. ஹை பீமுக்கு நீலம், சிக்னலுக்குப் பச்சை, ஆயிலுக்கும் பிரேக்குக்கும் சிவப்பு. இந்த நிறங்களை மாற்றவே கூடாது.

முள்ளைப் பிடுங்குவது

டயல் மாற்ற முள்ளைக் கழற்றியாக வேண்டும். ஒரு பக்கமாக ஸ்க்ரூடிரைவர் விட்டு நெம்பினால் மெல்லிய தண்டு வளையும், டயலும் கீறும். டயலின் மேல் அட்டை வைத்து, இரண்டு தேக்கரண்டிகளை முள்ளின் இரு பக்கமும் செருகி, நேராக மேலே தூக்குங்கள்.

அதற்கு முன்பு செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது; பலர் தாண்டிப்போவது அதைத்தான். கேபிளில் ஓடும் ஸ்பீடோமீட்டரில் முள் பூஜ்யத்தில் சும்மா கிடப்பதில்லை. உள்ளே இருக்கும் சுருள் ஸ்பிரிங் அதைத் தடுப்பு ஊசியோடு அழுத்திப் பிடித்திருக்கிறது. முள்ளை மெதுவாக ஊசிக்கு மேலே தூக்கி, பின்பக்கம் போக விடுங்கள். அது தானாக நிற்கும் இடத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டிக் கோடு போடுங்கள். திரும்பப் போடும்போது முதலில் அந்தக் கோட்டில் பொருத்தி, பிறகு ஊசியைத் தாண்டிக் கொண்டுவந்து வையுங்கள். நேராகப் பூஜ்யத்தில் குத்திவிட்டால் வேகம் முழுவதும் தப்பாகவே காட்டும்.

பெட்ரோல், டெம்பரேச்சர் முட்களுக்கு வழி வேறு. சாவி ஆனில், என்ஜின் சூடாக இருக்கும்போது முதலில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். திரும்பப் போடும்போதும் அதே நிலையில் கரண்ட் கொடுத்துப் பொருத்துங்கள். டயலுக்கும் முள்ளின் அடிப்பகுதிக்கும் 1 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். தடித்த ஸ்டிக்கரைப் பழைய டயலின் மேலேயே ஒட்டினால் முள் உரசி நின்றுவிடும். முள்ளுக்கு நகப்பூச்சு அடிப்பதும் கூடாது, எடை கூடும்.

பின்பு சமமான சாலையில், 60-லும் 90-லும் சீராக ஓட்டி, பக்கத்தில் ஒருவர் போன் ஜிபிஎஸ்ஸைப் பார்க்கட்டும். மீட்டர் கொஞ்சம் கூடுதலாகக் காட்டுவது இயல்பு. ஜிபிஎஸ்ஸைவிடக் குறைவாகக் காட்டினால் முள்ளை மறுபடியும் கழற்றத்தான் வேண்டும்.

வேறு காரின் மீட்டர்

பழைய கார்களின் உதிரிபாகம் விற்கும் ஹாஃப் கட் கடையில், நிமிடத்துக்கு என்ஜின் எத்தனை சுற்று என்று காட்டும் ஆர்பிஎம் மீட்டரோடு வரும் பெட்டியைப் பார்த்து கஞ்சிலுக்கு வாங்குபவர்கள் உண்டு. கஞ்சிலுக்கு மூன்று சிலிண்டர். ஒரு சுற்றுக்கு 1.5 முறை இக்னிஷன் (பிளக் பொறி) அடிக்கும். நான்கு சிலிண்டர் மீட்டர் 2 அடியை ஒரு சுற்றாகக் கணக்கிடும். என்ஜின் 4000-ல் ஓடும்போது அது 3000 காட்டும். அதை நம்பி மிதித்தால் என்ஜின் போய்விடும். மூன்று சிலிண்டருக்கு மாற்றிக்கொள்ளும் சுவிட்ச் உள்ளதை மட்டும் வாங்குங்கள்.

எந்த மீட்டரானாலும், பேட்டரி மைனஸை 10 மில்லிமீட்டர் ஸ்பானரால் கழற்றிய பிறகே பெட்டியைக் கழற்றுங்கள். பெட்டியை வெடுக்கென்று இழுக்காதீர்கள். பின்னால் ஸ்பீடோ கேபிளின் பிளாஸ்டிக் கொக்கியை அழுத்தி விடுவித்தால்தான் வரும். அங்கே ஒட்டியிருக்கும், பல்புகளுக்குக் கரண்ட் கொண்டுபோகும் மெல்லிய செம்புப் படலம் இந்த வெயிலில் பல வருடம் வெந்து நொறுங்கும் நிலையில் இருக்கும். பல்பு சாக்கெட்டை மெதுவாகத் திருப்புங்கள். செம்பு கறுத்திருந்தால் பென்சில் ரப்பரால் லேசாகத் தேய்த்தால் போதும். முன்பக்கப் பிளாஸ்டிக் மூடியை பெயிண்ட் தின்னர் தொட்டுத் துடைத்தால் வெடிப்பு விழும். பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீர் போதும்.

மீட்டர் பெட்டியையே மாற்றினால் பழையதிலும் புதியதிலும் உள்ள கிலோமீட்டரை, தேதியோடு படம் எடுத்து சர்வீஸ் புத்தகத்தில் குறித்து வையுங்கள். காரை விற்கும் நாளில் அதை வாங்குபவரிடம் காட்ட வேண்டும்.